மூன்றரை விரல்

மலைப் போஸ்ட்
06.01.2025

அன்புள்ள தேனுவுக்கு,

வேல்ராஜ் எழுதுவது. நான் சுகம். நீ, அம்மா, நம் இரண்டு வாலுகள் எல்லாரும் எப்படி இருக்கிறீர்கள்? மகிழினிக்கு மேல் பல் வந்துவிட்டதா? யாழினி இன்னும் தவழ்கிறாளா, எழுந்து நின்றுவிட்டாளா?

நான் லீவு முடிந்து மேலே ஏறி ஒரு மாதம் ஆகிறது. இங்கே டவர் கிடையாது என்று உனக்குத் தெரியும். பதினைந்து நாளைக்கு ஒருமுறை மூன்று நிமிடம் போன். அதையும் எனக்குப் பின்னால் வரிசையில் நிற்கும் எட்டுப் பேர் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். அதில் குடும்ப விஷயம் என்ன பேசுவது? அதனால்தான் பேனாவை எடுத்தேன். ஹெலிகாப்டர் வந்தால் தபால், வராவிட்டால் இல்லை. கடிதம் தாமதமானால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே.

விஷயத்துக்கு வருகிறேன். ஜூலையில் எனக்குக் கீழே மாற்றல். ராணுவக் குடும்பக் குவார்ட்டர்ஸுக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். கல்யாணமாகி ஐந்து வருஷத்தில் நாம் சேர்ந்து இருந்தது மொத்தமே எட்டு மாதம். இனிமேல் ஒரே வீடு. சந்தோஷம்தானே?

ஆனால் ஒன்று. நான் அங்கே பி.டி. உஸ்தாத். ஊருக்கெல்லாம் உடம்பைத் தேற்றச் சொல்லிக்கொடுக்கிறவன். என் வீட்டம்மா எப்படி இருக்கிறாள் என்றுதான் முதலில் பார்ப்பார்கள். அதனால் ஜூலைக்குள் உன் வயிறு உள்ளே போயிருக்க வேண்டும். நவம்பரில் என் கூட்டாளி பாண்டியராஜனுடைய தம்பியின் கல்யாணப் பந்தியில் அவன் வீட்டுக்காரி ராஜேஸ்வரி உன்னைப் பார்த்துவிட்டு "எத்தனை மாசம்?" என்று என்னிடம் கேட்டாள். நான் சிரித்துக்கொண்டே "அஞ்சு" என்று சொல்லிச் சமாளித்தேன். அதற்கு நீ மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நான் வேறு என்ன செய்வது? பிள்ளை பிறந்தே ஒன்பது மாதமாயிற்று, இவள் வயிறு மட்டும் இறங்கவில்லை என்று நாலு பேர் முன்னால் சொல்லவா?

நாளையிலிருந்தே ஆரம்பித்துவிடு. காலையில் வெறும் வயிற்றில் சிட்அப்ஸ். மல்லாக்கப் படுத்து, காலை மடக்கி, கையைத் தலைக்குப் பின்னால் கோத்து, முட்டியில் நெற்றி இடிக்கிற மாதிரி எழும்ப வேண்டும். முதல் வாரம் இருபது, அப்புறம் நாற்பது, ஒரு மாதத்தில் நூறு. காலை அம்மா பிடித்துக்கொள்ளட்டும். ஒவ்வொரு கடிதத்திலும் எத்தனை எடுத்தாய், இடுப்பு எத்தனை இன்ச் என்று எழுது. நீ தையல்காரி, டேப் உன் கழுத்திலேயே கிடக்கிறது. சாக்குச் சொல்லக் கூடாது.

பிள்ளைகளுக்கு முத்தம்.

உன் வேல்ராஜ்


சங்கரன்கோவில்
27.01.2025

அன்புள்ள அத்தானுக்கு,

தேன்மொழி எழுதுவது. எல்லாரும் நலம். மகிழினிக்கு மேலே இரண்டு பல், யாழினி கட்டிலைப் பிடித்து நிற்கிறாள். உங்கள் கடிதத்தை வாங்கியதும் உள்ளே என்னென்னவோ இருக்கும் என்று ஆசையாகப் பிரித்தேன். ஆர்டர்தான் இருந்தது.

இருந்தாலும் குவார்ட்டர்ஸ் என்று படித்ததும் மனசு துள்ளியது, பொய் சொல்லவில்லை. அதற்காகவே மறுநாள் காலையில் பாயைப் போட்டுவிட்டேன். அத்தை என் கால் மேல் உட்கார்ந்துகொண்டு எண்ணுகிறார்கள். பதினொன்றுக்கு அப்புறம் மறந்துபோய் மறுபடி ஒன்பதிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். "ஏட்டி, எம் புள்ள சொன்னா காரணம் இருக்கும், எந்திரி எந்திரி" என்று ஒரே விரட்டல். நான் எழும்பும்போதெல்லாம் இரண்டு குட்டிகளும் கைதட்டிச் சிரிக்கின்றன.

இப்போது நாற்பது எடுக்கிறேன். இன்ச் முப்பத்தேழு. அன்றும் முப்பத்தேழு, இன்றும் முப்பத்தேழு.

ஒன்று கேட்க வேண்டும். எழும்பும்போது தொப்புளுக்கு மேலே நடுவயிற்றில் நீளமாக ஒரு மேடு கிளம்புகிறது. சட்டைக்குள் வாழைப்பழத்தை ஒளித்து வைத்த மாதிரி. படுத்தால் போய்விடுகிறது. இது முன்னால் இவ்வளவு இல்லை. இடுப்பும் வலிக்கிறது. மிஷினில் அரை மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்கார முடியவில்லை, இரண்டு பிளவுஸ் சொன்ன நாளில் கொடுக்க முடியாமல் பேச்சு வாங்கினேன். நீங்கள் இத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுக்கிறீர்கள், இது என்ன என்று எழுதுங்கள்.

நேற்று ராஜபாளையம் பஸ்ஸில் ஒரு பெரியவர் எழுந்து எனக்கு இடம் கொடுத்தார். உட்கார்ந்துகொண்டேன். வேண்டாம் என்றால் ஏன் என்று சொல்ல வேண்டுமே. நீங்கள் சொன்ன "அஞ்சு" வேறு ஊரில் சுற்றிக்கொண்டிருக்கிறது. பூக்கடையில் போன வாரம் "ஏழா?" என்று கேட்டார்கள்.

குளிருக்கு உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தேன்மொழி


மலைப் போஸ்ட்
15.02.2025

அன்புள்ள தேனுவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நாற்பது என்று படித்ததும் பக்கத்துக் கட்டில்காரனிடம் காட்டிப் பெருமைப்பட்டேன்.

அந்த மேட்டைப் பற்றிக் கேட்டாய். பயப்படாதே, அது நல்ல அடையாளம்! உள்ளே இருக்கிற தசை வெளியே வருகிறது. பயலுகள் இங்கே அது வராதா என்று மாதக்கணக்கில் தவம் கிடக்கிறார்கள், உனக்கு இரண்டே வாரத்தில் வந்துவிட்டது. உன் உடம்பு வாகு அப்படி. வலிக்கிறது என்றால் வேலை செய்கிறது என்று அர்த்தம். நிறுத்திவிடாதே, ஏற்று. நூறைத் தொடு.

இன்ச் குறையவில்லை என்றால் சாப்பாட்டில் எங்கோ தவறு. அம்மா போனில் சொன்னாள், நீ மத்தியானம் படுக்கிறாயாம். இரட்டைப் பிள்ளை வளர்க்கிறது கஷ்டம்தான், எனக்குத் தெரியாதா? ஆனால் நூறு சிட்அப்ஸுக்குக் கால் மணி நேரம்தான் ஆகும்.

இங்கே பனி இடுப்பளவு. அடுத்த கடிதத்தில் எத்தனை என்று மறக்காமல் எழுது.

உன் வேல்ராஜ்


சங்கரன்கோவில்
09.03.2025

அன்புள்ள அத்தானுக்கு,

பிள்ளைகள் நலம், அத்தை நலம். நான் நலமா என்பதை நீங்களே படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

நல்ல அடையாளம் என்று எழுதியிருந்தீர்களே, அதை நம்பி எழுபது வரை போனேன். மேடும் கூடவே வளர்ந்தது. எனக்கே பயமாகி அத்தையிடம் காட்டினேன். அவர்கள் கோமதி அம்மனுக்கு நேர்ந்துகொண்டார்கள். வயிற்றில் மாவிளக்கு ஏற்றினால் வயிற்றுக் கோளாறு எதுவானாலும் போய்விடும் என்பது இங்கே எல்லாருக்கும் தெரிந்ததுதானே. போன வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனோம். ஈரப் புடவையோடு மல்லாக்கப் படுத்தேன். வயிற்றின் மேல் வாழையிலை, அதன் மேல் மாவிளக்கு இரண்டு. நெய்த்திரி அணைகிற வரைக்கும் அசையக் கூடாது என்றார்கள். அசையாமல்தான் கிடந்தேன்.

யாழினி எங்கோ வீறிட்டு அழுதாள். விழுந்துவிட்டாளோ என்று தலையை மட்டும் தூக்கிப் பார்த்தேன். அவ்வளவுதான் அத்தான் செய்தேன், தலையை மட்டும். அந்த மேடு குபுக்கென்று கிளம்பி, இலையோடு விளக்கு இரண்டும் சரிந்து விழுந்தன. கொதிக்கிற நெய் விலாவில் வழிந்து தோல் பொத்துவிட்டது. சுற்றி நின்ற பெண்கள் எல்லாம் "அய்யய்யோ" என்றார்கள். ஒரு அம்மா, "மாசமா இருக்கிற புள்ள வயித்துல யாராவது விளக்கு ஏத்துவாகளா? வெவரம் கெட்டவளா இருக்காளே" என்று அத்தையை ஏசினாள். அத்தை உடைந்துபோய் அங்கேயே உட்கார்ந்து அழுதார்கள், தெய்வக் குத்தம் ஆயிட்டே என்று. எனக்கு எந்த வலிக்கு முதலில் அழுவது என்று தெரியவில்லை.

காயத்துக்கு மருந்து போட்ட நர்ஸ்தான் நான் எழுந்திரிக்கும்போது பார்த்துவிட்டு, பிசியோதெரபி அம்மாவிடம் காட்டு என்று அனுப்பினாள். பெயர் நஸ்ரின் பானு. கடையநல்லூர்க்காரர், வாரத்தில் மூன்று நாள் இங்கே வந்து பார்க்கிறார். "படுங்கக்கா. தலைய மட்டும் லேசா தூக்குங்க" என்று சொல்லித் தொப்புளுக்கு மேலே விரலை வைத்தார். விரல் உள்ளே போனது. ஒன்று, இரண்டு, மூன்று, அப்புறம் சுண்டுவிரலில் பாதி. என் கையையும் பிடித்து அங்கே வைத்துக் காட்டினார். இரண்டு பக்கமும் கெட்டியாகக் கரை மாதிரி இருக்கிறது, நடுவில் ஒன்றுமே இல்லை, மெத்தென்று உள்ளே போகிறது. என் உடம்புதானா என்று மறுபடி ஒருமுறை தொட்டுப் பார்த்தேன்.

"இது கொழுப்பு இல்லக்கா. ரெண்டு புள்ளைக்கும் இடம் வேணும்னு நடுவுல தசை விலகிக் கொடுத்திருக்கு. இன்னும் வந்து சேரல. நீங்க சிட்அப்ஸ் எடுக்க எடுக்க அதைப் புடிச்சு ரெண்டு பக்கமும் இழுத்துட்டு இருந்திருக்கீங்க" என்றார். எனக்குப் புரிந்துவிட்டது. நடுத்தையல் விட்ட ஜாக்கெட்டை இழுத்து இழுத்து ஊக்கு மாட்டினால் என்ன ஆகும்?

இப்போது சிட்அப்ஸ் அறவே கிடையாது. காலை மடக்கிப் படுத்து, மூச்சை உள்ளே இழுத்து, அப்புறம் மெதுவாக வெளியே விட வேண்டும். விடும்போது மூத்திரத்தை அடக்குகிற மாதிரி அடியிலிருந்து இறுக்கி, அடிவயிற்றை முதுகுப் பக்கம் இழுத்து ஐந்து எண்ணுகிற வரை வைத்திருக்க வேண்டும். மூச்சை மட்டும் அடைக்கக் கூடாது. அது பழகிய பிறகு, வயிறு அப்படியே இருக்க ஒரு குதிகாலை மட்டும் தரையோடு நீட்டி மடக்க வேண்டும். மேடு எழும்பினால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். படுக்கையிலிருந்து நேராக எழுந்திரிக்கக் கூடாது, ஒருக்களித்துக் கையை ஊன்றித்தான். பிள்ளையைத் தூக்கும்போது மூச்சை விட்டுக்கொண்டே தூக்க வேண்டும். கேட்டால் ஒன்றுமில்லாத மாதிரி இருக்கிறது. மூன்றாவது நிமிடம் எனக்கு வேர்த்துக் கொட்டுகிறது.

நாலைந்து மாதம் விடாமல் செய்தால் கூடிவரும் என்கிறார். ஜூலைக்கு இஞ்சி இடுப்பழகி கிடைக்க மாட்டாள், இப்போதே சொல்லிவிட்டேன்.

மூன்றரை விரல்.

தேன்மொழி


மலைப் போஸ்ட்
28.03.2025

தேன்மொழிக்கு,

கடிதம் படித்தேன். தீக்காயம் ஆறிவிட்டதா? அம்மாவுக்கு எதையாவது நேர்ந்துகொள்ளாவிட்டால் பொழுது போகாது, நீயாவது வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம்.

மற்ற விஷயம். பதினாறு வருஷம் சர்வீஸ். இரண்டாயிரத்துக்குக் குறையாமல் பயலுகள் என் கையில் உருவாகிப் போயிருக்கிறார்கள். எவனுக்கும் நடுவயிறு பிளக்கவில்லை. படுத்துக்கொண்டு மூச்சு விடுவதெல்லாம் ஒரு பயிற்சியா? மூச்சு எல்லாரும்தான் விடுகிறோம். உனக்குச் சோம்பல், அந்த அம்மா அதற்கு ஒரு பெயர் வைத்துக் கொடுத்திருக்கிறார், அவ்வளவுதான்.

நான் உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன். குவார்ட்டர்ஸ் பாரத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பியாயிற்று. அங்கே உன்னை இப்படிக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினால் எனக்கு எப்படி இருக்கும் என்று ஒரு நிமிடம் யோசித்தாயா? சொன்னபடி செய்கிறதாக இருந்தால் செய். இல்லையென்றால் குவார்ட்டர்ஸை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், நீ அம்மாவோடு அங்கேயே இரு.

நூறு வந்துவிட்டதா? எத்தனை என்று எழுது.

வேல்ராஜ்


சங்கரன்கோவில்
20.04.2025

அத்தானுக்கு,

பதில் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். போன வாரம் நடந்ததைச் சொல்லாமல் என்னால் மிஷினில் உட்கார முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

பாண்டியராஜன் அண்ணாச்சி வீட்டு ராஜேஸ்வரி மதினி வந்தாள். கையில் ஒரு பை. குழந்தைச் சொக்காய் இரண்டு, பேபி சோப்பு, ஒரு சீப்புப் பழம். செருப்பைக் கழற்றும்போதே "என்ன புள்ள தேனு, சொல்லவே இல்லையே? பையனா பொண்ணா? எங்கன, தொட்டிலயா கெடக்கு?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். நவம்பரில் அஞ்சு என்றால் மார்ச்சில் பிறந்திருக்க வேண்டும் இல்லையா? சரியாகக் கணக்கு வைத்து, முப்பதாம் நாள் தீட்டும் கழிந்து, நல்ல நாள் பார்த்து வந்திருக்கிறாள்.

அத்தை சட்டென்று அடுப்பங்கரைக்குள் போய்விட்டார்கள். மகனைக் காட்டிக்கொடுக்க அவர்களுக்கு மனசில்லை. நான் பாயை விரித்து உட்காரச் சொன்னேன். மதினி தொட்டிலைப் பார்த்தாள், என் வயிற்றைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். அவளாகவே ஒன்று முடிவு செய்துகொண்டு என் இரண்டு கையையும் பிடித்து ஓவென்று அழுதுவிட்டாள். "விடு தாயி. போனது போகட்டும். அடுத்தது தங்கும்" என்றாள். நானும் அழுதேன் அத்தான். இல்லாத பிள்ளைக்கு உட்கார்ந்து இரண்டு பேரும் அழுதோம். சொக்காயைத் திருப்பி எடுத்துப்போனால் அபசகுனம் என்று வைத்துவிட்டுப் போய்விட்டாள். அது பீரோவில் இருக்கிறது. ஒன்று மஞ்சள், ஒன்று ரோஸ்.

உங்கள் பெண்டாட்டி தொப்பையோடு இருக்கிறாள் என்று சொல்ல வெட்கப்பட்டுத்தானே அப்படிச் சொன்னீர்கள்? இரட்டைப் பிள்ளை பெற்ற வயிறு என்று சொல்லியிருந்தால் யார் உங்களைப் பார்த்துச் சிரிக்கப் போகிறார்கள்? அந்த ஒரு சொல்லை நீங்கள் சொல்லிவிட்டு மலை ஏறிவிட்டீர்கள். நான் ஆறு மாதமாகச் சுமக்கிறேன்.

உங்கள் இரண்டாயிரம் பயலுகளில் எவன் பிள்ளை பெற்றான்?

எத்தனை, எத்தனை என்று எல்லாக் கடிதத்திலும் கேட்டீர்கள். சிட்அப்ஸ் எத்தனை, இன்ச் எத்தனை. நான் மூன்றரை விரல் என்று எழுதினேன். அது என்ன, இன்னும் அவ்வளவு இருக்கிறதா என்று ஒரு வரி கேட்டீர்களா? என் வயிற்றுக்குள் விரல் போகிறது என்று எழுதியிருக்கிறேன், நீங்கள் குவார்ட்டர்ஸ் பாரத்தைப் பற்றி எழுதுகிறீர்கள். எனக்கு எரிச்சலாக வருகிறது. உங்களிடம் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

குவார்ட்டர்ஸ் வேண்டாம், என் பெயரை அடித்துவிடுங்கள். நான் உங்களுக்காக இதைச் செய்யவில்லை இனிமேல். என் பிள்ளைகளைத் தூக்க வேண்டும், என் மிஷினில் உட்கார வேண்டும், அதற்காகச் செய்கிறேன். மறுபடி நூறு வந்துவிட்டதா என்று கேட்பதாக இருந்தால் எழுதவே வேண்டாம்.

மூன்று விரல்.

தேன்மொழி


சங்கரன்கோவில்
30.05.2025

அத்தானுக்கு,

நீங்கள் எழுதவில்லை. இரண்டு தடவை போனில் மூன்று நிமிடமும் அத்தையோடே பேசி வைத்துவிட்டீர்கள். இருக்கட்டும். எனக்கு எழுதிப் பழகிவிட்டது, அதனால் எழுதுகிறேன்.

தினம் இரண்டு வேளை செய்கிறேன். இப்போது ஒரு காலும் எதிர்ப்பக்கத்துக் கையும் சேர்த்து நீட்டுகிறேன். மேடு எழும்பவில்லை. நஸ்ரின் வயிற்றின் மேல் தண்ணீர்ச் சொம்பை வைத்துக்கொண்டு செய்யச் சொல்லியிருக்கிறார், ஆடினால் தெரியுமாம். முதல் நாள் பாய் முழுக்க ஈரம். அத்தை அந்தச் சொம்பைப் பார்க்கும்போதெல்லாம் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். பாதியில் சரிந்த விளக்கு அம்மனுக்குப் பாக்கி இருக்கிறதாம், ஆடித்தபசுத் திருவிழாவுக்கு மறுபடி ஏற்ற வேண்டுமாம். சரி என்றிருக்கிறேன். இந்தத் தடவை தலையைத் தூக்கிப் பார்த்தாலும் விழாது என்று நினைக்கிறேன்.

போன செவ்வாய்க்கிழமை இரண்டு குட்டிகளும் ஒரே நேரத்தில் கையைத் தூக்கிக்கொண்டு வந்தன. எப்போதும் ஒன்றை அழவிட்டுத்தான் ஒன்றைத் தூக்குவேன். அன்றைக்கு உட்கார்ந்து, மூச்சை விட்டுக்கொண்டே இரண்டையும் சேர்த்துத் தூக்கி நின்றுவிட்டேன். வலி இல்லை. வீட்டுக்குள்ளேயே நாலு சுற்று நடந்தேன். பார்க்க யாரும் இல்லை. நீங்கள் இருந்திருக்கலாம் என்று ஒரு நிமிடம் தோன்றியது, கூடவே பழைய கோபமும் வந்தது.

இன்ச் முப்பத்தாறரை. வயிறு இன்னும் பார்வைக்கு இருக்கத்தான் செய்கிறது. பஸ்ஸில் இடம் கொடுத்தால் இப்போது "பரவால்ல அண்ணாச்சி, இரட்டைப் புள்ள பெத்த வயிறு" என்று சொல்லிவிட்டு நிற்கிறேன்.

தேன்மொழி

இந்தத் தடவை விரல் எழுதவில்லை. யாருக்காக எழுதுவது?


மலைப் போஸ்ட்
24.06.2025

அன்புள்ள தேனு,

ஏப்ரல் கடிதத்துக்கு மூன்று தடவை பதில் எழுதிக் கிழித்துவிட்டேன். மூன்றிலும் நான் என் பக்கத்து நியாயத்தையே எழுதியிருந்தேன்.

இங்கே மேலே வருகிற யாரானாலும் முதல் ஆறு நாள் எந்த வேலையும் செய்யக் கூடாது. மூச்சுக் காற்று குறைவு. படுக்க வேண்டும், மெதுவாக மூச்சு விட வேண்டும், உடம்பு பழகிய பிறகுதான் நடையே. அதைப் பார்த்துக்கொள்கிற பொறுப்பு என்னுடையது. போன வாரம் புதிதாக ஒரு ஹவில்தார் வந்தார். என் வயதுதான். இரண்டாவது நாளே கூடாரத்துக்குப் பின்னால் போய் தண்டால் எடுத்து மூக்கில் ரத்தம் வந்து விழுந்துவிட்டார். அவரைத் தூக்கிக்கொண்டு வந்து கட்டிலில் போட்டுவிட்டு நான் கத்தினேன்: "படுத்து மூச்சு விடறது பயிற்சி இல்லைன்னு உமக்கு யாரு வே சொன்னது?"

சொல்லி முடித்ததும் எனக்கே உறைத்தது. மார்ச்சில் உனக்கு அப்படி எழுதியவன் நான்தான்.

அன்றைக்குக் கட்டிலில் படுத்து, உன் கடிதத்தில் இருக்கிறபடி தலையைத் தூக்கித் தொப்புளுக்கு மேலே விரலை வைத்துப் பார்த்தேன். எனக்கு உள்ளே போகவில்லை, பலகை மாதிரி இருந்தது. அப்புறம் மூன்று விரலையும் சுண்டுவிரல் பாதியையும் சேர்த்துக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். அத்தனை இடம். அதன் மேல் உன்னை எழுபது தடவை எழும்ப வைத்திருக்கிறேன். நல்ல அடையாளம் என்று வேறு எழுதினேன். எனக்கு என் மேலேயே வெறுப்பாக இருக்கிறது தேனு.

பாண்டியராஜனுக்கும் ராஜேஸ்வரிக்கும் தனியாக ஒரு கடிதம் இதே தபாலில் போடுகிறேன். அன்றைக்கு நான் சொன்னது பொய், தேன்மொழி மாசமாக இல்லை, எந்தப் பிள்ளையும் போகவில்லை, என் வெட்கத்துக்காக அப்படிச் சொன்னேன் என்று எழுதிவிட்டேன். அவள் வந்து உன்னிடம் என்னை ஏசினால் தடுக்காதே.

குவார்ட்டர்ஸ் கிடைத்துவிட்டது. உன் பெயரை நான் அடிக்கவில்லை, நீ வருவாய் என்றும் எழுதிக் கொடுக்கவில்லை. ஆடித்தபசுக்கு லீவு கேட்டிருக்கிறேன். கிடைத்தால் நீ விளக்கேற்றிப் படுத்திருக்கும்போது பிள்ளைகள் இரண்டையும் நான் வைத்துக்கொள்கிறேன். நீ தலையைத் தூக்க வேண்டியிருக்காது. அதற்கு அப்புறம் நீ வருவதும் வராததும் உன் இஷ்டம்.

போன கடிதத்தில் நீ எழுதாமல் விட்டதைக் கேட்கத்தான் இவ்வளவும் எழுதினேன்.

இப்போது எத்தனை விரல்?

வேல்ராஜ்